பால் குத்தகையும் ஒரு கைத் தண்ணீரும்

அரிகிருஷ்ணனுக்குச் சைகோனில் நண்பர்கள் குறைவு. அவர் வருவதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரிக்கு மாறுகிறவர்கள்தான் அதிகம். மனிதர் கெட்டவரில்லை, உத்தியோகம் அப்படி. சைகோனைத் தலைநகராக வைத்து ஆண்ட பிரெஞ்சுக்காரரின் கொச்சின்சீன அரசாங்கம் எதை வாங்கினாலும், சிறைச்சாலைக்கு அரிசியோ, காவல் கொட்டடிக்கு விளக்குத் திரியோ, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பாயோ, கொள்முதல் பூரோ என்ற அலுவலகத்தில் மூத்த சரிபார்ப்பாளராக இருந்த அவர் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் வாங்கும். அவர் இல்லை என்று எழுதிவிட்டால் கவர்னரே சிபாரிசு செய்தாலும் நடக்காது என்று வியாபாரிகள் சொல்லிக்கொள்வார்கள். கவர்னர் எந்தக் காலத்தில் பாய்க்குச் சிபாரிசு செய்தார் என்று நம்மைக் கேட்டால் தெரியாது. பேச்சு அப்படி இருந்தது.

வேலையும் அந்தப் பேச்சுக்கு ஏற்றதுதான். வியாபாரிகள் உறையில் விலையெழுதி அரக்கு வைத்துக் கொடுப்பார்கள், கூடவே சரக்கில் மாதிரி கொடுப்பார்கள். விலை குறைத்துப் போட்டவனுக்கே குத்தகை என்று சட்டம் சொன்னாலும், அந்த விலை அவனுக்கு எப்படிக் கட்டும், எங்கே கை வைப்பான் என்று யோசித்துச் சொல்வதற்குத்தான் அரிகிருஷ்ணனுக்குச் சம்பளம். பாயைத் தண்ணீரில் ஊறப்போடுவார். திரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே அடுத்த உறையைப் பிரிப்பார். எந்த வியாபாரியிடமும் வெற்றிலைகூட வாங்கிப் போட்டதில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் சுண்டல் கொடுத்தால், இன்றைக்கு யார் உபயம் என்று விசாரித்துவிட்டுத்தான் கை நீட்டுவார் என்று செட்டிமார் தெருவில் கேலி செய்வார்கள். கேலியில்லை, உண்மையிலேயே விசாரிப்பார்.

இவ்வளவு கறாரான மனிதருக்கு வீட்டுக்கு வந்தால் எது தலை, எது கால் என்று புரியாது. மழை வருமா, குடை எடுக்கலாமா, பெரிய மீன் வாங்கலாமா, சின்ன மீன் வாங்கலாமா, எல்லாவற்றுக்கும் மனைவி தாயம்மாளின் முகத்தைப் பார்ப்பார். அவள் சொன்னபடி செய்துவிட்டு, வேறு மாதிரி செய்திருக்கலாமோ என்று சாப்பாடு முடியும்வரை யோசிப்பார். தாளில் விதி எழுதியிருந்தால் அவர் புலி. எழுதாத விஷயம் என்றால் எலி.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. புதுச்சேரியில் அவர் அப்பா, சாதி வழக்கங்களையெல்லாம் விட்டுவிட்டோம், இனி எங்களுக்கு எல்லாமே பிரெஞ்சுச் சட்டம்தான் என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அப்படிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் சைகோனில் வெள்ளைக்காரனுக்குச் சமமான உத்தியோகம் கிடைத்தது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அம்மா அவரை வாசலில் நிறுத்தி திருஷ்டி சுற்றித்தான் உள்ளே விட்டாளாம். பழைய வழக்கம் போய்விட்டது என்ற சந்தோஷத்தைக் கொண்டாடவும் பழைய வழக்கம்தான் வேண்டியிருந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு எது போயிற்று, எது இருக்கிறது என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் அதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை, பால் குத்தகை வரும்வரை.

சைகோனில் பால் தமிழர் கையில் இருந்தது. அந்த ஊர்க்காரரான அன்னாமியர் பால் குடிப்பதில்லை, மாட்டுப் பால் கன்றுக்குத்தானே, மனுஷனுக்கு எதற்கு என்பார்கள். அதனால் வெள்ளைக்காரர் காப்பிக்கும், கோயில் அபிஷேகத்துக்கும், அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் நகரத்தின் ஓரத்திலே கொட்டில் போட்டிருந்த நம்மவர்கள்தான் கறந்து கொடுத்தார்கள். அவர்களில் ஆஸ்பத்திரிக் குத்தகையைப் பல வருஷமாக வைத்திருந்தவர் வில்லியனூர் சொக்கலிங்கக் கோனார். ஃபூ நுவான் பக்கம் அவர் கொட்டில். காதில் கடுக்கன், இடுப்பில் முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, எந்த அதிகாரியைப் பார்த்தாலும் பயமில்லாத சிரிப்பு. அவர் பாலைப் பற்றி அரிகிருஷ்ணன் ஒரு வருஷமும் குறை எழுதியதில்லை. தன் வீட்டுக்கும் அவரிடம்தான் பால் வாங்கினார், மற்றவர்கள் கொடுக்கும் அதே காசைக் கொடுத்து.

முதல் உலக யுத்தம் முடிந்த சில வருஷங்களில் முசே பெர்தியே, அதாவது பெர்தியே துரை, என்று ஒரு புதுத் தலைவர் பூரோவுக்கு வந்தார். முன்பு அவர் இருந்த ஊரில் பால்காரன் குளத்துத் தண்ணீரைக் கலந்து ஊற்றி, குழந்தைகள் வார்டில் பேதி கண்டு சில குழந்தைகள் போய்விட்டனவாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. அதனால் பால் குத்தகை விதிகளில் அவரே ஒரு புது விதி சேர்த்தார். குத்தகை கேட்கிறவர் நேரில் வந்து, தன் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை, இனியும் சேர்க்க மாட்டேன் என்று சரிபார்ப்பாளர் முன்னால் வாயால் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். சொல்லாதவர் உறையைப் பிரிக்கவே கூடாது. அரிகிருஷ்ணனுக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. அவரே அதைத் தமிழில் எழுதிப் பூரோ வாசலில் ஒட்டினார்.

அந்த வருஷம் இரண்டே பேர் கேட்டார்கள். ஒருவர் கோனார். மற்றவர் சுப்புராமன், மாடே இல்லாத பால்காரர். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் வாங்கி, வாய்க்கால் ஓரமாக வரும்போது அதை நிறையவாக்கி விற்கிறவர் என்று ஊருக்கே தெரியும், கையும் களவுமாக யாரும் பிடித்ததில்லை. கையெழுத்து நாளன்று முதலில் அவர்தான் வந்தார். கேள்வி முடிவதற்குள், "சத்தியமா இல்லீங்க" என்று சொல்லி, பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டு, பெர்தியேவுக்குப் பொன்ழூர் என்று ஒரு பிரெஞ்சு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து கோனார் வந்தார். பெர்தியே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"கோனாரே, பால்ல ஒரு சொட்டுத் தண்ணியும் சேக்கறதில்லன்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும். சேக்கறதில்லதானே?" என்றார் அரிகிருஷ்ணன்.

கோனார் சிரித்தார். "அதெப்பிடி முசே சேக்காம குடுக்கறது? ஒவ்வொரு கேனுக்கும் ஒரு கைத் தண்ணி வுட்டுத்தான் அனுப்புவேன். இத்தினி வருஷத்துல ஒரு நாள் தவறினது கெடையாது."

குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல் இல்லை அது. தன் யோக்கியதையை எடுத்துச் சொல்கிற குரல். அரிகிருஷ்ணன் மறுபடி கேட்டார். கோனார் இன்னும் சத்தமாக, கையைக் குவித்துக் காட்டியே சொன்னார்.

"என்ன சொல்கிறார்? முகம் மலர்ச்சியாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறார்தானே?" என்று பெர்தியே பிரெஞ்சில் கேட்டார்.

விதிப்படி ஒரே வாக்கியம் போதும்: தண்ணீர் சேர்ப்பதாகச் சொல்கிறார். அதைச் சொன்னால் உறையைப் பிரிக்காமலே கோனார் கதை முடிந்தது. குத்தகை சுப்புராமனுக்குப் போகும், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு வாய்க்கால் தண்ணீர் போகும். ஆனால் சுப்புராமன் சேர்க்க மாட்டேன் என்று சொன்னவர். சேர்க்கிறவரோ இவர், அவரே சொல்கிறார். அரிகிருஷ்ணன் வாயைத் திறந்தார். உத்தியோகத்துக்கு வந்த நாள்முதல் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"தாளை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து கையெழுத்திடுகிறேன் என்கிறார், முசே."

பெர்தியேவுக்குத் திருப்தி. படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நல்ல வியாபாரி என்று பாராட்டினார். திங்கட்கிழமை வாங்க என்று அரிகிருஷ்ணன் தமிழில் சொன்னதும், கோனாரும் பாராட்டைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். அரிகிருஷ்ணனுக்குத்தான் பொய் சொன்ன கை நடுங்கியது. வாய் சொன்ன பொய்க்குக் கை ஏன் நடுங்க வேண்டும் என்று அதையும் ஒரு பக்கம் யோசித்தார்.

வீட்டுக்கு வந்து தாயம்மாளிடம் சொன்னார். அவள் அதிர்ச்சியடைவாள் என்று நினைத்தார்.

"ஆமா, வுடுவாரு. வுடாத பாலை யாருங்க வாங்குவாங்க?" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? தண்ணி படாத பாலை அடுப்புல வச்சுக் காச்சுனா, அந்தப் பசுவுக்கு மடி எரியும். மடி வெந்து பால் வத்திப் போயிடும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? அவரு ஒரு கை வுட்டுட்டுத்தான் குடுக்கறாரு, எதுக்கும் இருக்கட்டும்னு நானும் ரெண்டு சொட்டு வுட்டுத்தான் அடுப்புல ஏத்துவேன். உங்க அம்மா சொல்லிக் குடுத்ததுதான்."

அரிகிருஷ்ணன் கையிலிருந்த காப்பியைப் பார்த்தார். இத்தனை வருஷம் பூரோவில் கலப்படத்தைத் தேடித் தேடிப் பிடித்த மனிதர், தினமும் காலையும் மாலையும் விதியை மீறின பாலைக் குடித்திருக்கிறார். அம்மா செய்திருக்கிறாள், மனைவி செய்கிறாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியதற்குத் தன்னைத் தவிர யாரைக் குறை சொல்வது? ஆஸ்பத்திரி மருந்தாளர் பால்மானி வைத்துப் பார்த்து எழுதிய தாளும் பையில் இருந்தது. கோனார் பால் முதல் தரம் என்று அதில் இருந்தது. ஒரு கேனுக்கு ஒரு கைத் தண்ணீர் எந்தக் கருவிக்கும் தெரியாது. கருவிக்குத் தெரியாத தண்ணீர் தண்ணீரா இல்லையா?

"அது கலப்படமா இல்லையா?" என்று கேட்டார்.

"கலப்படம்னா காசுக்குச் செய்றது. இது மாட்டுக்குச் செய்றது" என்று தாயம்மாள் அரிசி களையப் போனாள். அவளுக்கு முடிந்துவிட்டது. அவருக்கு அன்றைக்கெல்லாம் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தீப்பெட்டி வண்டி என்கிற குதிரை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஃபூ நுவானுக்குப் போனார். குத்தகை முடிவாகுமுன் வியாபாரியின் இடத்துக்குத் தனியாகப் போகக்கூடாது. அதுவும் விதிதான், அவர் எழுதியதுதான். இருதலைக் கொள்ளி எறும்பு எந்த விதியைப் பார்க்கும்?

கொட்டிலில் சாணத்தின் ஈர வாசனை. மாடுகள் அசை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. கோனாரின் மனைவி லியென் அன்னாமியப் பெண், வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு, வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கோனாரோடு குடித்தனம் செய்து தமிழ் கற்றவள், வேண்டிய சொல்லை மட்டும் கற்றவள். அரிகிருஷ்ணன் வந்த காரணத்தைச் சொன்னதும் அவள்தான் முதலில் பேசினாள்.

"கையெழுத்து போடு. நான் சொல்லிட்டேன். கேக்கல." மாடுகளைக் கை காட்டினாள். "ஆஸ்பத்திரி இல்ல, புல்லு இல்ல. சோலோன் கறிக்கடைக்காரன் வந்தான். செவலையைத் தொட்டுப் பாத்தான். ரெண்டு தடவ வந்தான்."

செவலை அந்த வரிசையில் முதல் மாடு. கொம்புக்கு மஞ்சள் பூசியிருந்தது. கறிக்கடை என்ற சொல்லைக் கேட்டதும் கோனார் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அது ஒரு நொடிதான், ஆனால் அரிகிருஷ்ணன் பார்த்துவிட்டார். இவருக்கு இது தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் கையெழுத்துப் போடாமல் நிற்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"கோனாரே, பொய் சொல்லச் சொல்லல. இனிமே தண்ணி வுடாதீங்க. அப்ப நீங்க சொல்றது உண்மையாயிடும். கையெழுத்துப் போட்டுடலாம்."

"வுடலன்னா, ஆஸ்பத்திரி அடுப்புல பால் காயறப்ப இங்க இதுங்க மடி எரியும் முசே."

"பிரான்ஸ் தேசத்துல யாரும் தண்ணி வுடறதில்ல. அங்க மாடெல்லாம் மடி வெந்தா கெடக்குது?"

"அது அவங்க மாடு. அதுங்களுக்கு அவங்க எதாச்சும் வேற செஞ்சு வச்சிருப்பாங்க. நமக்கு இன்னா தெரியும்?"

பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. சுப்புராமன் பேச்சும் வந்தது. சுப்புராமன் மாதிரிக்குக் கொடுத்த பால் நம்ம கொட்டில் பால்தான் முசே, மொதல் நாள் வந்து காசு குடுத்து வாங்கினு போனாரு என்று கோனார் சாதாரணமாகச் சொன்னார். அப்படியானால் அந்தப் பாலிலும் கோனாரின் ஒரு கைத் தண்ணீர் இருந்தது. சுப்புராமன் தன் கையால் அதில் எதுவும் சேர்க்கவில்லை. பொய்யன் சொன்ன சத்தியம் அன்று ஒரு நாள் மட்டும் உண்மை, யோக்கியன் சொன்ன உண்மையால் அவன் குடி கெடப் போகிறது. அரிகிருஷ்ணன் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்னு சொல்லாம நீங்க ஏன் குடுத்தீங்க அவருக்கு?"

"காசு குடுத்துக் கேட்டாரு. பால் கேக்கறவனுக்கு இல்லன்னு சொல்லலாமா?"

கடைசியில் அரிகிருஷ்ணன் வாயிலிருந்து வந்தது யோசித்துச் சொன்னதில்லை. புதுச்சேரியில் எல்லாரும் சொல்வது, சண்டையை முடிக்க, சபதத்தை விலக்க, மாப்பிள்ளையைச் சாப்பிட வைக்கச் சொல்வது. "சரி, வர்ற பாவம் எனக்கு வரட்டும். போதுமா?"

கோனார் அவரை உற்றுப் பார்த்தார். "நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

"அப்ப செவலை மேல கைய வச்சுச் சொல்லுங்க."

அரிகிருஷ்ணன் எழுந்தார். பிரெஞ்சுக் குடிமகன், சாதி வழக்கமெல்லாம் விட்ட வம்சம், கலப்படத்துக்குக் காலன். அதில் எதுவும் அப்போது துணைக்கு வரவில்லை. செவலையின் முதுகில் கை வைத்தார். தோல் வெதுவெதுப்பாக இருந்தது, அவர் கை பட்ட இடத்தில் ஒருமுறை சிலிர்த்தது. தண்ணி படாத பாலால வர்ற பாவம் எனக்கு, இந்தக் கொட்டிலுக்கு இல்ல என்று சொன்னார். லியென் வைக்கோலை வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். திங்கட்கிழமை கோனார் பூரோவுக்கு வந்து, ஒரு சொட்டும் சேர்க்க மாட்டேன் என்று சொல்லி, தாளின் அடியில் பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்திட்டார். உறைகளைப் பிரித்தார்கள். சுப்புராமன் விலை குறைத்துத்தான் போட்டிருந்தார். அந்த விலைக்குத் தண்ணீர் இல்லாமல் பால் கொடுக்க முடியாது, வாங்குகிற விலையே அதற்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டி அரிகிருஷ்ணன் அதை விலக்க எழுதினார். இந்த வேலை அவருக்குக் கைவந்தது. குத்தகை கோனாருக்கே போயிற்று.

அங்கேயே கதையை முடித்துவிடலாம். நடந்தது அப்படி முடியவில்லை.

புதுக் குத்தகையில் முதல் மாதம் சரிபார்ப்பாளரே ஆஸ்பத்திரி வாசலில் நின்று சரக்கைப் பார்க்க வேண்டும். காலையில் கோனாரின் மாட்டு வண்டி வரும். கேன்கள் இறங்கும். அரிகிருஷ்ணன் பால்மானியைப் போட்டுப் பார்ப்பார். பால் முன்னைவிடக் கெட்டியாகத் தெரிந்தது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. கேன்கள் சமையலறைக்குப் போன பிறகும் கோனார் வண்டியைத் திருப்ப மாட்டார். சமையலறைப் புகைக்கூண்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். புகை வந்ததும் ஒரு கையால் தன் நெஞ்சைப் பொத்திக்கொள்வார், மடி எரியும்போது அவருக்கே எரிவதுபோல. புகை அடங்கியதும் வண்டியேறிப் போவார். சிரிப்பு இல்லை. குறை சொல்லவும் இல்லை. குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் கேன் ஒன்று குறைந்து வந்தது. செவலைக்கு மடி வீங்கிவிட்டது என்றார் கோனார். அரிகிருஷ்ணன் அன்றைக்கே அரசாங்க மாட்டு வைத்தியரைக் கெஞ்சிக் கொட்டிலுக்கு அழைத்துப்போனார். வெள்ளைக்கார வைத்தியர் மடியைத் தொட்டுப் பார்த்தார். மழைக்காலத்தில் ஈரத்தில் படுக்கிற மாடுகளுக்கு இது வரும், மருந்து தருகிறேன், இரண்டு வாரத்தில் சரியாகும் என்றார். அரிகிருஷ்ணன் அதைத் தமிழில் கோனாருக்குச் சொன்னார். கோனார் தலையாட்டினார். பிறகு அரிகிருஷ்ணனை மேலிருந்து கீழ்வரை கவலையோடு பார்த்தார்.

"உங்களுக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு முசே?"

பாவம் வாங்கிக்கொண்டவருக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் காந்தியது.

அந்தக் காந்தல் நிற்கவில்லை. தாயம்மாள் புளியைக் குறைத்தாள். மோரில் பெருங்காயம் போட்டுக் கொடுத்தாள். பிரெஞ்சு டாக்டர் வெள்ளைத் தூள் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. இது வத்தக்குழம்பா, செவலையா? மாட்டுக்கு வந்தது ஈரத்தினால் என்றால் இவருக்கு வந்தது எதனால்? இவருக்கு வந்தது பாவம் என்றால் மாட்டுக்கு ஏன் வந்தது, அதைத்தான் இவர் வாங்கிக்கொண்டாரே, இரண்டு பேருக்குமா கொடுப்பார்கள்? பாவத்துக்கு ஒரு விதி இருக்க வேண்டாமா? பூரோ மேசையில் சிறைச்சாலைப் போர்வை மாதிரிகள் வந்து குவிந்தன. எதைத் தொட்டாலும் அவருக்கு முடிவு வரவில்லை. முரடாக இருந்தது நல்லதோ, மெதுவாக இருந்தது நல்லதோ. பெர்தியே இரண்டுமுறை நினைவூட்டினார். தன்னை ஒரு அசட்டு மனிதனாக உணர்ந்ததில் அரிகிருஷ்ணனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

தாயம்மாளிடம்தான் சொன்னார். அவள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே கேட்டாள்.

"கோனார் சேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவரு சேக்கக் கூடாது. சரி. சமையல்காரன் சேக்கலாமா?"

"அவன் ஆஸ்பத்திரி ஆளு. அவனுக்கு அது தெரியாது. சொன்னாலும் சிரிப்பான்."

"அப்ப தெரிஞ்சவங்க யாரு இருக்கா அங்க?" என்று கேட்டுவிட்டு அவள் விளக்கேற்றப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அரிகிருஷ்ணன் குத்தகைத் தாளை மறுபடி வாசித்தார். குத்தகைக்காரர் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது என்றுதான் இருந்தது. குத்தகைக்காரர் என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரக்கு ஒப்புக்கொள்ளப்பட்டு ரசீது கொடுத்தபின் அது குத்தகைக்காரர் சொத்து இல்லை, அரசாங்கச் சொத்து. அரசாங்கப் பாலில் அரசாங்கச் சரிபார்ப்பாளர் என்ன செய்யக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை. அப்படி ஒரு விதி எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. இது சரியான யோசனையா, திருட்டு யோசனையா? வியாபாரிகள் இப்படித்தான் யோசிப்பார்கள். அவர்களுடைய இந்த யோசனைகளைப் பிடிக்கத்தான் தனக்குச் சம்பளம். பேதியில் போன குழந்தைகளை நினைத்துப் பெர்தியேவுக்குக் குரல் கம்மியதும் நினைவு வந்தது. எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். தாயம்மாள் காய்ச்சி ஆற வைத்திருந்த தண்ணீரை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு போனார். குளத்துத் தண்ணீர் இல்லை என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

வண்டி வந்தது. கேன்கள் இறங்கின. பால்மானியைப் போட்டுப் பார்த்து, நல்லது என்று எழுதி, ரசீதைக் கிழித்துக் கோனார் கையில் கொடுத்தார். கோனார் வழக்கம்போலப் புகைக்கூண்டைப் பார்க்கத் திரும்பினார்.

"கோனாரே, இங்க பாருங்க" என்றார் அரிகிருஷ்ணன்.

முதல் கேனின் மூடியைத் திறந்தார். செம்பிலிருந்து உள்ளங்கையில் தண்ணீரை வாங்கினார். வாசலில் நின்ற அன்னாமியக் காவலாளி பார்த்தான். மேல்மாடி வராந்தாவில் ஒரு கன்னியாஸ்திரீ பார்த்தாள். அரிகிருஷ்ணன் கையைச் சாய்த்தார், பால்மேல் தண்ணீர் விழுந்து ஒரு சுழி சுழித்துக் காணாமல் போயிற்று. அடுத்த கேன். அதற்கடுத்த கேன். கடைசிக் கேனுக்கு விட்டு முடித்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. இந்த ஒரு கை போதுமா? செவலைக்கு ஏற்கெனவே வீங்கிவிட்டதே, பழைய பாக்கிக்கும் சேர்த்து விட வேண்டாமா? இதையெல்லாம் யாரிடம் கேட்பது? செம்பை மறுபடி சாய்த்து இன்னொரு கை எடுத்தார்.

கோனார் இரண்டு எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் இருந்தது, பிடி இறுக்கமாக இருந்தது.

"போதும் முசே. இதுக்கு மேல வுட்டா அது கலப்படம்."